உன் மகளுக்கு நான் போட்ட மார்க்

கீழ்வீட்டுப் பெண் இன்று காலை ஒரு மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். வட்டம், சதுரம், முக்கோணம் என்று பள்ளம் வெட்டிய பலகை. பொருத்துவதற்கு வர்ணக் கட்டைகள். உறையைப் பிரித்ததும் வார்னிஷ் நெடி கூடம் முழுக்கப் பரவியது. "டீச்சர், நீங்க எல்.கே.ஜி. டெஸ்ட் எடுத்தவங்கல்ல? எம் பொண்ணுக்கிட்ட என்னென்ன கேப்பாகன்னு சொல்லுங்களேன்" என்றாள். அவள் மகளுக்கு மூன்றரை வயது. முக்கோணத்தை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தலை வலிக்கிறது, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். தலையெல்லாம் வலிக்கவில்லை. அந்த நெடி பட்டால் உன் ஞாபகம் வந்துவிடுகிறது. அப்புறம் நாள் முழுக்க யாரோடும் பேசப் பிடிப்பதில்லை.

ஒரே பள்ளியில் இருபது வருடம் மழலை வகுப்பு எடுத்தோம். உன்னைவிட எட்டு மாதம்தான் மூத்தவள் நான். அதற்கே வாய் நிறைய அக்கா என்பாய். ஏப்ரல் வந்தால் சேர்க்கை டெஸ்ட். பிள்ளைக்குப் பத்து நிமிடம், இருபது மார்க். பேர் கேட்டால் சொல்ல வேண்டும், சொன்ன நிறத்தை எடுத்துக் காட்ட வேண்டும், கட்டையைப் பள்ளத்தில் பொருத்த வேண்டும். நான் கறார் பேர்வழி. அழுகிற பிள்ளைக்கு நீ மிட்டாய் கொடுத்து மறுபடி கேட்பாய். நான் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவேன். சிறுமலையிலிருந்து வளைவு வளைவாக பஸ்ஸில் இறங்கி, வழியெல்லாம் வாந்தி எடுத்து வந்த ஒரு பிள்ளைக்கு நான் இரண்டு மார்க் போட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "அக்கா, இந்த மார்க்கு பிள்ளைக்கு இல்ல, பஸ்ஸுக்கு." சிரித்தேன். மார்க்கை மாற்றவில்லை.

பிறகு உன் மகளின் முறை வந்தது. தன் பிள்ளையைத் தானே சோதிக்கக் கூடாது என்பது பள்ளி விதி. நீ வராந்தாவில் நின்றாய். பச்சைக் கவுன் போட்டு என் மேசைக்கு முன்னால் அவள் நின்றாள். பேரைச் சொன்னாள். மேசைமேல் இருந்த கட்டைகளில் சிவப்பை எடு என்றேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். வட்டத்தை வை என்றேன். கை வரவே இல்லை. அதட்டினேன்; உதடு பிதுங்கியது, கை அப்படியே இருந்தது. பத்து நிமிடம் முடிந்ததும் மூன்று மார்க் போட்டு, 'சொன்னது புரியவில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று எழுதினேன். உன் பிள்ளை என்பதற்காகக் கூட்டிப் போடவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

பள்ளி திறந்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் சாப்பாடு. ஏதோ குறித்துக்கொள்ள, உன் மேசைமேல் கிடந்த சிவப்புப் பென்சிலை எடுத்துவரும்படி உன் மகளிடம் சொன்னேன். அவள் கை பின்னால் போனது. உன்னைப் பார்த்தாள். "எடுக்கலாம்டா" என்றாய். ஓடிப்போய், நான்கைந்து பென்சிலுக்கு நடுவிலிருந்து சிவப்பை எடுத்து நீட்டினாள். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கைப்பிள்ளையிலிருந்தே உன்னோடு பள்ளிக்கு வந்தவள் அல்லவா? டீச்சர் மேசைமேல் இருக்கிற எதையும் தொடக்கூடாது என்று நீ சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாய். வேறு யார் பிள்ளைக்கும் இந்தச் சங்கடம் வந்திருக்காது.

"அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா, எம் பிள்ளைங்கிறதால பேசுறேன்னு நெனச்சிருப்பீகல்ல. வாங்கக்கா, வெஞ்சனம் ஆறுது."

அப்போதும் வகுப்பில் இடம் இருந்தது. மறுநாள் தலைமையாசிரியையிடம் போய், நான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். போகவில்லை. நான் போட்ட மார்க் தப்பு என்று என் வாயால் சொல்வதா என்ற கர்வம். நீ ஒரு வருடம் விடுப்புப் போட்டு அவளோடு வீட்டில் இருந்தாய். அடுத்த ஏப்ரலில் வந்தபோதும் அக்கா என்றுதான் கூப்பிட்டாய். நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு யாருக்கு மார்க் போட்டாலும் எனக்குக் கை கூசியது. தூங்கி வந்ததா, சாப்பிட்டு வந்ததா, அம்மா என்ன சொல்லி அனுப்பினாள் என்பதைத்தான் அந்தப் பத்து நிமிடத்தில் அளந்திருக்கிறோம். அறிவை அளந்தோமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

போன வாரம் உன் முதல் வருட நினைவுப் பூசை. உன் மகளிடமாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தேன். பூசை முடிந்ததும் அவளே தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சென்னையில இவளுக்கு ஸ்கூல்ல டெஸ்ட்டுன்னாங்க, பெரியம்மா. வேணாம்னுட்டேன். ஒரு வருசம் லீவு போட்டு வீட்டுல வச்சுக்கப் போறேன். அம்மா என்னைய வச்சிருந்துச்சுல்ல, அது மாதிரி."

"உன்னைய ஏன் வச்சிருந்தான்னு சொல்லிருக்காளா?"

"என்னைய பள்ளிக்கூடத்துக்கு விட மனசே வரலையாம். எத்தனை தடவை சொல்லிருக்கு! அம்மாவ நெனச்சாலே எனக்கு அந்த ஒரு வருசந்தான் பெரியம்மா மொதல்ல வருது."

சொல்ல வேண்டியதையெல்லாம் வழிநெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துத்தான் வந்திருந்தேன். சொன்னால், அவளுடைய அந்த வருடம் உன் அன்பாக இல்லாமல் நான் போட்ட மூன்று மார்க்காகிவிடும். "ஆமாம்மா, உன்னைய விட்டுட்டு அவளால இருக்க முடியல" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், உன்னை நினைத்து என்று எண்ணிக்கொண்டாள். இனி இதை நான் சொல்ல முடிந்த ஒரே ஆள் நீதான். நீ இல்லை.