எனக்கு ஏதும் ஆனால் செய்ய வேண்டியவை

சேசு மரி சூசை துணை

பெரியாற்று அணை வேலைத்தலம்
1892, தை மாதம்

பிரியமுள்ள மனைவி இன்னாசியம்மாளுக்கு இராயப்பன் எழுதுவது. நீயும் பிலோமினாவும் சுகந்தானா? சர்வேசுரன் கிருபையால் என் காய்ச்சல் இறங்கிவிட்டது, அலுப்புதான் தீரவில்லை.

போன வாரம் என்னோடு கல் சுமந்த மார்க்கையன்கோட்டை சங்கரலிங்கம் காய்ச்சலில் இறந்துபோனார். “இவரு வீட்டுல யாரு இருக்காக? சம்சாரம் பேரு என்ன?” என்று கூலிக் கணக்கெழுதும் ரைட்டர் கேட்டார். “ஏலே, ஒனக்காவது தெரியுமாலே?” என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். ஆறு மாதம் ஒரே பானையில் பொங்கித் தின்றும் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன், பயப்படாதே. எனக்கு ஏதும் நேர்ந்தால் மலையேறி வராதே. இங்கே அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். கோயிலில் ஒரு பூசை வைத்தால் போதும். கிணற்றடித் தோட்டம் உனக்கும் பிள்ளைக்கும்தான். பத்திரம் பங்குச் சாமியாரிடம் இருக்கிறது. என் அண்ணன் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். மறுமணம் செய்ய உனக்கு மனமிருந்தால் யாரும் தடுக்கக் கூடாது.

உபதேசியாரே, இதை நீங்கள்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுவீர்கள். கூச்சப்பட்டு அந்த வரியை விட்டுவிடாதீர்கள். என் அண்ணன் முன்பாகவும் ஒருமுறை உரக்க வாசியுங்கள். இவற்றை நிறைவேற்றும் பொறுப்பை உங்களிடம் விடுகிறேன்.

இன்னாசி, இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிவிட்டார். கொஞ்சம் சுக்கும் கருப்பட்டியும் அனுப்பு. பிலோமினா பேசத் தொடங்கியிருந்தால் என்ன சொல்கிறாள் என்று எழுதச் சொல். உன் பழைய சேலை ஒன்றும் அனுப்பு. துவைக்க வேண்டாம். இங்கே யாராவது கேட்டால் குளிருக்கு என்று சொல்லிக்கொள்கிறேன்.

இராயப்பன்