தாய்மாமன் கொடுத்த கோழி

அண்ணே,

பாப்பா இப்போது எழுந்து நடக்கிறாள். நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

அவள் காதுகுத்து விருந்துக்குத் தாய்மாமன் சீராகக் கோழி அனுப்பியவன் நீ. சாப்பிட்டவர்களுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. பாப்பாவுக்கு முதலில் போட்ட எந்த ஆன்டிபயாட்டிக் ஊசியும் கேட்கவில்லை. "என் கோழிக்குத் தண்ணியில ஒரு சொட்டு மருந்து கலந்ததில்ல தாயி, நீயே சோதிச்சுப் பாரு" என்று டப்பாவில் கோழி எச்சம் கொண்டுவந்து தந்தாய். நான் வேலை பார்க்கும் நாகமலை புதுக்கோட்டை ஆய்வகத்தில் சோதித்தேன். பாப்பாவிடம் இருந்த கிருமி அதில் இல்லை. பழி சமையல்காரர் சிவபாண்டி மேல் விழுந்தது. இப்போது யாரும் அவரை விசேஷத்துக்குக் கூப்பிடுவதில்லை.

பாப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அம்மா பேச்சுவாக்கில் உன்னைப் பற்றிச் சொன்னாள்: "எங்கிட்டத்தான நாட்டுக்கோழிப் பீய அள்ளிட்டுப் போனான். எதுக்குடான்னா சிரிக்கிறான்."

அப்புறம் நானே உன் பண்ணைக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியருகே காலி மருந்துப் பாட்டில்கள் கிடந்தன. எச்சம் எடுத்துவந்து சோதித்தேன். உன் கோழியின் கிருமியும் பாப்பாவின் கிருமியும் மரபணுவில் ஒன்றேதான். அவளுக்குக் கேட்காத அதே மருந்துகள் அதற்கும் கேட்கவில்லை.

அறிக்கையைத் திருத்தி அனுப்பிவிட்டேன். சிவபாண்டி அண்ணன் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன்.

உன் மடியில் வைத்துக் குத்திய காது. ஆஸ்பத்திரியில் கழற்றிய தோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். துளை தூர்ந்துவிட்டது.

மறுபடி குத்தப்போகிறோம். சிவபாண்டி அண்ணன் மடி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தங்கச்சி