திரும்பத் திரும்ப வந்த பெயர்

செவ்வாய், இரவு

இன்று மதியம் முருகேசன் மாமா இறந்துவிட்டார். எங்கள் மட்டாஞ்சேரி தமிழ்ச் சங்கத்தில் யார் இறந்தாலும், நான் எழுதிக் கொடுத்த ஆப்தான் இப்போது எல்லார் போனுக்கும் செய்தி அனுப்புகிறது. செயலாளர் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், மீதியைப் பின்னணியில் தானாக ஓடும் ‘ஜாப்’ என்ற சின்ன நிரல் பார்த்துக்கொள்ளும். ‘சேர்ந்தது’ என்று போனிலிருந்து பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். சாவுச் செய்தி யாருக்கும் விட்டுப்போகக் கூடாதென்று நான்தான் அப்படி வைத்தேன்.

இன்று செய்தி போய்ச் சேர்ந்தது, பதில்தான் திரும்பி வரவில்லை. ஜாப் அதே செய்தியை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. எர்ணாகுளம் ஆபீஸில் வேலைக்கு நடுவே கவனித்து நிறுத்துவதற்குள் சாயங்காலமாகிவிட்டது.

பள்ளுருத்தியில் மாமா வீட்டுக்குப் போனபோது உடலை எடுத்திருந்தார்கள். மாமாவின் மகள் செல்வி போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என் தப்புதான் என்று சொன்னேன்.

“சாரமில்ல அண்ணே, பரவாயில்ல. ஓரோ தடவை சத்தம் வரும்போதும் வேற யாரோ போயிட்டாங்கன்னுதான் எடுத்தேன். திறந்தா அப்பா பேரு. வேற யாராவதா இருக்கக் கூடாதான்னு தோணிச்சு. பாவம்தானே, அப்படி நெனக்கிறது?”



வீட்டுக்கு வந்ததும், இனி ஒரு தடவைக்கு மேல் அனுப்பாதபடி மாற்றினேன். சோதித்தும் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

இதை எழுதும்போதே மேஜையில் என் போன் சாவுச் செய்திக்கான அதே சத்தம் போட்டது. எடுக்கப் பயமாக இருக்கிறது. நான் திருத்தியது தப்பாகவே இருக்கட்டும். மாமா பேராகவே இருக்கட்டும்.