வாழையின் தோல், வேம்பின் பட்டை

சிஸ்டர்,

நேற்று வளவனூரில் ஒரு கல்யாணப் பந்தி. சுடுசோறு விழுந்ததும் வாழை இலை வெந்து ஒரு வாசம் எழுந்தது. விழுப்புரத்து ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம் வந்துவிட்டது. சோற்றைப் பிசையாமல் கொஞ்ச நேரம் உங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மகளின் காதுகுத்தில் கொதிக்கிற ரசக் குண்டான் கவிழ்ந்து என் வலது கை முழுக்க வெந்துபோயிருந்தது. திண்டிவனத்தில் தையல் மிஷினை நம்பிப் பிழைக்கிறவள் நான். கட்டுப் பிரிக்கும்போது துணியோடு சதையும் வருமே என்று நடுங்குவேன். நீங்கள் ஆவியில் அவித்து ஆறவைத்த வாழை இலையைப் புண்மேல் பரப்பினீர்கள். மறுநாள் எடுத்தபோது அது ஒட்டவே இல்லை.

“இலை மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும்மா. தண்ணியும் நிக்காது, புண்ணும் ஒட்டாது. உன் தோலு வர்ற வரைக்கும் வாழையோட தோலைக் கட்டிக்கினு இரு,” என்றீர்கள். வெந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்தேன்.

ஓரங்களிலிருந்து புதுத்தோல் ஏறி, புண் ஆறியது. ஆனால் தழும்பு இறுகி, முழங்கையை மடக்கினபடியே பிடித்துக்கொண்டது. நீட்டினால் உயிர் போகும். “இப்படியே இருந்துட்டுப் போறேன் சிஸ்டர், விட்டுடுங்க,” என்று அழுதேன். நீங்கள் திட்டவில்லை. வெளியே கூட்டிப்போய், வேப்பமரத்தின் வெடிப்புகளில் என் இடதுகை விரலை வைத்தீர்கள்.

“இந்தப் பட்டையில மேல இருக்கறது செத்துப்போனது. உள்ள மரம் பருக்கும்போது இதுக்கு நீளத் தெரியாது, வெடிச்சிடும். உன் தழும்பு உசுரோட இருக்குது. தெனமும் இழுத்துக்கினே இருந்தா நீளும். ஜல்தி ஆவாது. நான் பக்கத்துல இருக்கேன்.”

இருந்தீர்கள். டூட்டி முடிந்த பிறகும் என் மணிக்கட்டைப் பிடித்து நீட்டுவீர்கள். நான் கத்தினால் நிறுத்துவீர்கள். மூச்சு வாங்கியதும் மறுபடி. கை வெந்த ஏழாம் மாதம் மிஷினில் உட்கார்ந்து முதல் ஜாக்கெட் தைத்தேன். உங்களுக்குத்தான். தோளில் கொஞ்சம் இழுத்தது. அதைப் போட்டுக்கொண்டே டூட்டிக்குப் போனீர்கள்.

போன வருஷம் நீங்கள் இறந்த சேதி எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

தழும்பில் இன்னும் வேர்க்காது. இலைகூடத் தன் நுண்துளைகளால் ஆவி விடும் என்பீர்கள். என் கைக்கு அதுவும் இல்லை. கத்தரி வெயிலில் அனலாய்க் கிடக்கும். ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கிறேன்.

சென்ற மாதம் ஒரு பெண் ஜாக்கெட் தைக்க வந்தாள். அந்த வெயிலில் மணிக்கட்டுவரை நீளக்கை வைக்கச் சொன்னாள். அளவெடுக்கும்போது பார்த்தேன், தீப்பட்ட கை. நான் என் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டாள்.

“மடங்குதாக்கா?”

மடக்கி, நீட்டிக் காட்டினேன்.

“அப்ப முழங்கை வரைக்கும் வச்சிடுங்க, போதும்,” என்றாள்.