வெளங்குதா?

தோஹா
12.07.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்க முழங்கால் வலி கொறஞ்சிருச்சா?

உங்க பேத்தி டிலானிக்கு வீட்டுக் கம்ப்யூட்டர்ல இன்டர்நெட் வழியா கணக்கு சொல்லிக்குடுக்கிற மிஸ் நேத்துப் பேசினாங்க. “வெளங்குதா?”ன்னு கேட்டா, ஒவ்வொரு தடவையும் “வெளங்குது மிஸ்”னு சொல்றாளாம். ஆனா பின்னக் கணக்கு ஒண்ணுமே வரலையாம். அவகிட்டயே கேட்டேன். “சத்தம் வெளங்குதான்னுதானேப்பா கேட்டாங்க?”ன்னா. சிரிச்சிட்டேன்.

நான் பழக்கினதுதான். டெலிபோன் லைன் போடுற வேலை பாத்துப் பாத்து, போன்ல மொதல்ல “சத்தம் வெளங்குதா?”ன்னுதான் கேப்பேன். போன வருசம் டிலானியம்மா புஷ்பராணி சாகுற வரைக்கும் அவகிட்டயும் அதையேதான் கேட்டேன். அவளும் “வெளங்குது”ன்னா. ஒடம்பு எப்படின்னு கேக்கவே இல்லப்பா.

இனிமே பாடம் முடிஞ்சதும், ஒரு கணக்கை உங்களுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்க. தெரியாத மாதிரியே கேளுங்க. என்னென்ன வெளங்கலைன்னு எனக்கு அவ கையாலயே எழுதி அனுப்பட்டும். கணக்கு மட்டுமில்ல, எதுன்னாலும் எழுதட்டும்.

வேலைக்குக் கூட்டிப்போற வேன் ஹார்ன் அடிக்குது.

உங்க மகன்
சுதர்சன்