நீ கம்பஸ் போன அன்று

அன்புள்ள தம்பி மோகனராஜுக்கு,

பன்விலத் தோட்டத்திலிருந்து அக்கா எழுதுகிறேன். முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இருக்கிறோம். நீ கொழும்பில் நேரத்துக்குச் சாப்பிடு. போனில் என்றால் நீ பேசுவாய், நான் 'உம்' கொட்டுவேன். அதனால்தான் கடிதம்.

அன்பைப் பற்றி நீ பேசிய கூட்டத்தைப் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா நிரோஷினி போனில் காட்டினாள். சிந்தனையாளர் என்று மாலை போட்டார்கள், எனக்குக் கண் நிறைந்தது. பேராதனைக் கம்பஸுக்கு நீ படிக்கப் போன அன்று வீட்டில் யாரும் அழவில்லை, தடுக்கவில்லை, கட்டி வைக்காததுதான் அன்பு என்று அன்றைக்கே கற்றுக்கொண்டதாகச் சொன்னாய். லயத்துச் சனமே கை தட்டியது. நானும் தட்டினேன்.

ஆனால் தம்பி, அந்த வருஷம்தான் அப்பாவுக்கு வேலை வயது முடிந்து தோட்டப் பதிவில் பெயர் வெட்டினார்கள். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்திருந்தால்தான் தோட்டம் கொடுத்த இந்தக் காம்பரா வீடு நமக்கு. உன்னைப் பதியச் சொல்லி அப்பா குதித்தார். "அவன் படிக்கட்டும், என் பேர போடுங்க" என்று சொல்லி, கண்டியில் கிடைத்த கடை வேலையை விட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்க மலை ஏறினேன். நீ பஸ் ஏறும்போது கொழுந்துக்கு நடுவில் நின்று அழுதேன். என் முகத்தைப் பார்த்தால் திரும்பிவிடுவாய் என்றுதான் வழியனுப்ப வரவில்லை.

இப்போது கட்டுகஸ்தோட்டையில் தையல் கடை வைத்திருக்கும் ரவிகுமார் என்னைப் பெண் கேட்கிறார். மனைவியை இழந்தவர். இந்த வயதிலா என்று சிரிக்காதே, எனக்கு ஆசையாக இருக்கிறது. தைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் பெயரை வெட்டினால் காம்பரா போய்விடும். கை கால் இழுத்துக்கொண்ட அப்பாவோ, "பொணமாத்தான் இத விட்டுப் போவேன்" என்கிறார். அவரை உன்னோடு வைத்துக்கொள் என்று ஆடியிலேயே கேட்டேன். எழுதுகிற புத்தகம் முடியட்டும் என்றாய். இருதலைக் கொள்ளி எறும்பாகக் கிடக்கிறேன்.

உன் பேச்சைப் பொய் என்று சொல்லவில்லை. அன்பு கதவைத் திறந்துவிடும்தான். நீ போவதற்காக அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இன்னும் கையை எடுக்கவில்லை, வலிக்கிறதடா.

பொங்கலுக்கு வா. நீ சொன்னால் அப்பா கேட்பார், கூட்டிக்கொண்டு போ. நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும் சாமி. நான் கிளம்பும் அன்று நீ அழ வேண்டாம், வந்து நின்றால் போதும்.

உன் அக்கா
யசோதினி