பாப்பாவின் உயரத்துக்கு ஒரு நூல்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா?

நேற்று என் டாக்சியில் ஒரு தாய், மகளை மடியில் வைத்துக்கொண்டாள். "பக்கத்துலதான் போறோம், எதுக்குண்ணே பூஸ்டர் சீட்டு?" என்றாள். பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் அந்தக் குட்டி இருக்கையில் அவளை வைத்து, பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளில் படும்படி மாட்டிய பிறகே வண்டியை எடுத்தேன். தெருமுனையில் நாய் குறுக்கே ஓட, சடாரென்று பிரேக் போட்டேன். பொடிசு சிரித்தது, தாய்தான் வெலவெலத்துப்போனாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதே.

மச்சான் காரில் இனி நீயும் பாப்பாவை மடியில் வைக்காதே. சீட்டு வாங்கி அனுப்புகிறேன். கடைக்காரர், "பொண்ணு என்ன உயரம்?" என்றார். என் கை தானாக இடுப்புக்குப் போனது. அது நான் கிளம்பிய அன்றைய உயரம். மூன்று வருஷமாகிவிட்டதே!

அவளை நிற்கவைத்து நூலால் அளந்து அனுப்பு. எண்ணாக எழுதாதே, நூலே வேண்டும். சுவரில் தொங்கவிட்டு, பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன்.

சவாரி வந்துவிட்டது.

உன் டிரைவர்